உள்ளமும் கையும் கற்கும் வகுப்பறை

எழுத்தறிவித்தல் மாத்திரம் கல்வியன்று என்பதை இக்காலத்தில் மறுப்பார் இலர். ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வது வேறு. வகுப்பறையில் அதன்படி ஒழுகுவது வேறு. ஆறு வயதுப் பிள்ளையொன்று காலையிற் பாடசாலைக்கு வரும்போது புத்தகப் பையை மாத்திரம் சுமந்து வருவதில்லை. முதல்நாள் இரவு வீட்டிற் கேட்ட சொற்களையும், உறக்கத்தைக் கலைத்த கனவையும், வழியிற் கண்ட நாயின் மேலுள்ள அச்சத்தையும், பக்கத்திலிருக்கும் பிள்ளை இன்று தன்னோடு பேசுமோ பேசாதோ என்ற ஐயத்தையும் அது சுமந்தே வருகின்றது. ஆசிரியர், "பையைத் திறவுங்கள்" என்கின்றார். முதுகிலுள்ள பை திறக்கப்படுகின்றது. நெஞ்சிலுள்ள பை மூடியே கிடக்கின்றது. இவ்விரண்டாவது சுமையைக் கவனியாத வகுப்பிலே கற்பித்தல் நடைபெறலாம். கற்றல் நடைபெறுவது அரிது.

இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே சமூக மனவெழுச்சிக் கற்றல் என்னும் கொள்கை. இப்பெயர் 1994ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே வழக்கிற்கு வந்தது. பெயர் புதியதாயினும் பொருள் பழையதே. தன் உள்ளத்தில் எழும் உணர்ச்சி யாதென அறிதல், அவ்வுணர்ச்சியைத் தன் வயப்படுத்தி ஆளுதல், பிறர் உள்ளத்தை உணர்தல், பிறரோடு நல்லுறவைப் பேணுதல், விளைவை எண்ணிப் பொறுப்போடு முடிவு செய்தல் என்னும் ஐந்து திறன்களை அக்கொள்கையினர் வகுத்துரைத்தனர். உலக சுகாதார நிறுவனமும் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் பத்தினை வகுத்து, அவை பாடசாலைகளிற் பயிற்றப்படல் வேண்டுமென வற்புறுத்தியது.

செயல்வழிக் கற்பித்தலின் வரலாறு இதனினும் நீண்டது. ஜோன் டூயி 1896ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரிற் பரிசோதனைப் பள்ளியொன்றை நிறுவி, பிள்ளைகள் சமையல், தச்சு, நெசவு முதலிய வேலைகளின் வாயிலாகக் கற்க வழி செய்தார். காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தாவிலே ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்துக் கைத்தொழிலைக் கல்வியின் நடுநாயகமாக்கினார். மரியா மொண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டிற் சென்னை அடையாற்றுக்கு வந்து, தம் முறையை ஆசிரியர் பலருக்குப் பயிற்றினார்.

இவ்விரு கொள்கைகளையும் தனித்தனியே வைத்துப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. மனவெழுச்சியைப் பற்றி நன்னெறிப் பாடத்திலே ஒரு சொற்பொழிவு. செயற்பாட்டிற்குக் கணித பாடத்திலே சில அட்டைகள் என்ற அளவில் பலரும் அமைதி கொள்கின்றனர். ஆனால் சிறு பிள்ளையினிடத்து உள்ளமும் கையும் பிரிந்து நிற்பன அல்ல. பொறுமை என்பதன் பொருளைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை சொல்லைக் கற்கும். தன் முறை வரும்வரை காத்திருந்தாலன்றி முடியாத வேலையொன்றை அதன் கையிற் கொடுத்தால் பொறுமையையே கற்கும். செய்யும் செயலிலேதான் உணர்ச்சி பண்படுகின்றது. பண்பட்ட உணர்ச்சியினாலேதான் செயல் கல்வியாகின்றது. இவ்வுண்மையைக் காண்பதற்கு மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள காத்தான்குடியையும் அதன் அயலையும் விடப் பொருத்தமான இடம் அரிது.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதி வழியே தெற்கு நோக்கி ஏறத்தாழ 6 கிலோமீற்றர் சென்றால் காத்தான்குடி வரும். கிழக்கே வங்கக் கடல். மேற்கே 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி. இடையிலுள்ள ஒடுங்கிய நிலப்பட்டையிலே வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. வணிகத்திலும் கைத்தறி நெசவிலும் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர் அது. அதன் தெற்கெல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஆரையம்பதி என்னும் தமிழூர். ஓரூரின் பாங்கோசை மற்றையூரிற் கேட்கும். மற்றையூரின் கோயில் மணி இவ்வூரிற் கேட்கும். இரண்டூராரும் பேசுவது தமிழே. வாவி மீனும், வயல் நெல்லும், தறிப் புடைவையும் தலைமுறை தலைமுறையாக இரு பாலாரிடையேயும் கைமாறி வந்தன.

அத்தகைய மண்ணிலே 1990ஆம் ஆண்டு பெருந்துயரைக் கொணர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியின் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உயிரிழந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர். அவருட் சிறுவரும் இருந்தனர். அதற்கடுத்த செப்டம்பர் 9ஆம் நாள், நகருக்கு வடக்கேயுள்ள சத்துருக்கொண்டானிலே தமிழ்க் கிராமத்தவர் நூற்றுக்கு மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் மதமும் இனமும் பாராது வாரிக்கொண்டது. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. பின்னர், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே நிகழ்ந்த குண்டுவெடிப்பில், ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற சிறுவர் பலர் மாண்டனர். அன்றைய தாக்குதல்களின் தலைவன் காத்தான்குடியிற் பிறந்தவன் என்பதனால், அக்கொடுமையோடு யாதொரு தொடர்புமில்லாத அவ்வூர்ப் பிள்ளைகள் அயலார் பார்வையில் ஐயத்தின் நிழலைச் சுமக்க நேர்ந்தது.

இவற்றுட் பலவற்றை இன்று ஆரம்ப வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் கண்டவர் அல்லர். ஆயினும் காணாதவற்றையும் பிள்ளைகள் அறிவர். பெரியவர்கள் பேச்சை நடுவில் நிறுத்தும்போது அறிவர். "அந்தப் பக்கம் போகாதே" என்று உம்மாவோ அம்மாவோ குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது அறிவர். இலங்கையின் பாடசாலை அமைப்பிலே தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற பிரிவு பன்னெடுங் காலமாக உண்டு. ஆகவே ஒரே மொழி பேசி, ஒரே வாவியைப் பார்த்து, ஒரே பாடநூலைக் கற்கும் இரு பிள்ளைகள், பதினொரு ஆண்டுகள் பயின்றும் ஒரு நாளேனும் ஒரே வாங்கில் அமராமலே வளர்ந்துவிடுதல் கூடும். அறியாமையிலிருந்து அச்சமும், அச்சத்திலிருந்து பகையும் பிறப்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

இந்நிலையை நன்கறிந்த சிலர், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அரியதொரு முயற்சியில் ஈடுபட்டனர். 1996ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடா நாட்டு ஓவியக் கலைஞர் போல் ஹோகனும், இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் தோற்றத்திற்குக் காரணராயினர். ஹோகன் முன்னரே டொரொன்டோ நகரின் சிறுவர் புனர்வாழ்வு நிலையமொன்றிலே, உடலூனமுற்ற பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளும் கூடி விளையாடும் சுருள்தோட்டம் ஒன்றை அமைத்த அனுபவமுடையவர்.

பூங்காவிற்குத் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் பேருந்திலே அழைத்து வரப்பட்டனர். போரினால் உற்றாரை இழந்தோரும், கொடுங்காட்சிகளைக் கண்டோரும் அவருள் இருந்தனர். அங்கே வகுப்பறை இல்லை, கரும்பலகை இல்லை. "சமாதானமாக இருங்கள்" என்று உபதேசித்தாரும் இலர். களிமண் இருந்தது, வண்ணம் இருந்தது, பாவைகளும் முகமூடிகளும் இருந்தன, செடிகளும் வளர்ப்புப் பிராணிகளும் இருந்தன. கதை சொல்லவும், பாடவும், நாடகம் ஆடவும் பழகிய உள்ளூர் இளைஞர்கள் வழித்துணையாக நின்றனர். பிள்ளைகள் ஒரே நாளிற் கூடிக் கலைந்துவிடாமல், பல மாதங்கள் வாரந்தோறும் வந்து சேர்ந்தனர்.

இம்முயற்சியின் நுட்பம் யாது? துயருற்ற பிள்ளையை நோக்கி, "உனக்கு நேர்ந்ததைச் சொல்" என்று கேட்டால் அது வாயடைத்துப்போகும். சொல்வதற்கான சொற்கள் அப்பிள்ளையிடம் இல்லை. ஆனால் களிமண்ணை அதன் கையிற் கொடுத்துவிட்டால், கை பேசத் தொடங்கும். வீடொன்றைச் செய்து, அதனை உடைத்து, மீண்டும் செய்யும். அப்போது பக்கத்திலிருக்கும் வேற்றூர்ப் பிள்ளை, "கூரைக்கு ஓலை வேண்டாமா?" என்று கேட்டு ஓர் இலையை நீட்டுமாயின், அங்கே ஒரு பாடம் நடந்துவிடுகின்றது. அப்பாடத்திற்குத் தலைப்பு இல்லை, பரீட்சை இல்லை. ஆயினும் அது மறக்கப்படாது. செயலின் நடுவே உள்ளம் திறந்தது என்பதே பூங்கா காட்டிய வழி. அது பாடசாலைக்கு வெளியே நடந்தது. ஆனால் அதன் கொள்கை பாடசாலைக்கு உள்ளே வரத்தக்கது.

அச்சம் கற்றலை எவ்வாறு தடுக்கின்றது என்பதை இன்றைய உடலியல் விளக்குகின்றது. ஆபத்தென்று மனம் எண்ணிய மாத்திரத்தில் உடல் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாகின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது. அதிரினலின், கோட்டிசோல் முதலிய சுரப்புகள் இரத்தத்திற் கலக்கின்றன. அந்நேரத்தில் மூளையின் முற்பகுதி செய்யவேண்டிய நிதானமான வேலைகள் பின்தள்ளப்படுகின்றன. ஓர் எண்ணை மனத்தில் நிறுத்தி மற்றோர் எண்ணோடு கூட்டுதல், வாசித்த வாக்கியத்தின் தொடக்கத்தை முடிவு வரை நினைவில் வைத்திருத்தல் ஆகியன அத்தகைய வேலைகளே. எனவே பிரம்பின் நிழலில் நடுங்கும் பிள்ளை வாய்பாட்டை மறப்பது பிடிவாதத்தினாலன்று, உடலின் இயல்பினாலேயாம். இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலே சுற்றறிக்கை வாயிலாக உடற்றண்டனையைத் தடைசெய்ததற்கு இரக்கம் ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கற்றலின் இலக்கணமும் அதுவேயாகும்.

மனவெழுச்சிக்கு நேரம் கொடுத்தால் பாடத்திற்கு நேரம் குறையுமே என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சத்திற்கு 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று விடை தந்தது. டர்லக் என்பாரும் அவரோடு சேர்ந்தோரும் 213 பாடசாலைத் திட்டங்களையும், அவற்றிற் பங்குகொண்ட 2,70,000க்கு மேற்பட்ட மாணாக்கரையும் பற்றிய முடிவுகளை ஒருங்கு திரட்டி ஆராய்ந்தனர். சமூக மனவெழுச்சிப் பயிற்சி பெற்ற மாணாக்கரின் நடத்தை சீர்ப்பட்டதோடு, பாடங்களில் அவர்தம் தேர்ச்சியும் 11 சதமான நிலைகள் உயர்ந்தமை கண்டறியப்பட்டது. பயிற்சி ஒழுங்கான படிமுறை உடையதாயும், பிள்ளைகள் தாமே செய்து பழகுவதாயும் அமைந்த இடங்களிற் பயன் மிகுந்திருந்தது என்பதும் அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று. இங்கும் செயலும் உணர்வும் கைகோத்தே நிற்கின்றன.

இனி, இதனை ஆரம்ப வகுப்பிலே நடைமுறைப்படுத்துவது எங்ஙனம்? இலங்கையில் 1997ஆம் ஆண்டின் பொதுக் கல்விச் சீர்திருத்தம், 1999ஆம் ஆண்டில் நாடெங்கும் முதலாம் தரத்திற் கால்கொண்டபோது, இதற்கு வேண்டிய இடத்தை விட்டே வகுக்கப்பட்டது. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பன ஆரம்பக் கல்வியின் முதன்மைப் பாடங்களாயின. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்னும் மூவகைக் கற்பித்தலும் வகுக்கப்பட்டன. முதலிரு தரங்களில் விளையாட்டு மேலோங்கவும், மூன்றாம் நான்காம் தரங்களில் மூன்றும் ஒத்து நிற்கவும், ஐந்தாம் தரத்தில் மேசை வேலை முன்வரவும் அது நெறி கூறிற்று. ஆகவே பிள்ளைகளை விளையாட விடுவது பாடத்திட்டத்தை மீறுவதாகாது, அதனை நிறைவேற்றுவதேயாகும்.

காத்தான்குடியின் பழந்தொழிலாகிய நெசவையே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் தர வகுப்பிலே இருவர்க்கு ஒரு தாளாகக் கொடுக்கப்படுகின்றது. தாளின் ஓரம் கிழியாமல் நீளவாட்டில் கீறல்கள் வெட்டப்பட்டுள்ளன, அதுவே பாவு. சிவப்பிலும் வெள்ளையிலும் வெட்டிய ஒடுங்கிய தாட்கீற்றுகள் ஊடை. ஒரு பிள்ளை பாவைப் பிடித்துக்கொள்ள, மற்றப் பிள்ளை ஊடையை ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகச் செலுத்துகின்றது. அடுத்த கீற்றில் மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் மாறவேண்டும். மாறாவிட்டால் நெசவு கழன்றுவிடும். ஒவ்வொரு கீற்றிற்கும் கைகள் முறை மாறவேண்டும். சிவப்பு இரண்டு, வெள்ளை மூன்று என்று கோலம் வகுத்துக்கொண்டால், 20 கீற்றுகளில் எத்தனை சிவப்பு வரும் என்ற வினா இயல்பாக எழுகின்றது. ஐந்து ஐந்தாக எண்ணி, நான்கு முறை வருவதைக் கண்டு, சிவப்பு 8, வெள்ளை 12 என்று பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவர். பெருக்கலும் வகுத்தலும் கோலமும் அங்கே கற்பிக்கப்பட்டுவிட்டன.

அதே வேளையில் மற்றொரு பாடமும் நடந்துகொண்டிருக்கின்றது. ஒருவன் அவசரப்பட்டு இழுத்தால் பாவு கிழிகின்றது. "நீதான் கிழித்தாய்" என்று கூச்சல் எழுகின்றது. இங்கே ஆசிரியர் நீதிபதியாகித் தீர்ப்புக் கூறினால் பாடம் பாழாகும். இருவரையும் மூச்சை ஆறவிடச் செய்து, "உனக்கு இப்பொழுது எப்படி இருக்கின்றது? அவனுக்கு எப்படி இருக்கும்? இனி என்ன செய்யலாம்?" என்று மூன்று வினாக்களை மாத்திரம் கேட்டல் போதும். முதல் வினா தன்னை அறிவதற்கு. இரண்டாவது பிறரை உணர்வதற்கு. மூன்றாவது பொறுப்போடு முடிவு செய்வதற்கு. அவர்கள் பசை பூசி ஒட்டி நெசவைத் தொடர்வார்களாயின், அவ்வொட்டுப் போட்ட தாளே அன்றைய வகுப்பின் சிறந்த ஆக்கமாகும். அதனைச் சுவரில் ஒட்டிவைத்தல் தகும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. நாள்தோறும் காலையில் ஐந்து நிமிடம் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, ஒரு சிப்பியைக் கைமாற்றி, சிப்பி தன் கையிலிருக்கும்போது அன்றைய மனநிலையை ஒரு சொல்லிற் கூறலாம். கூற விரும்பாத பிள்ளை சிப்பியை அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். இரண்டொரு வாரத்தில், "நல்லம்", "சரியில்லை" என்ற இரு சொற்களுக்கு அப்பால், கவலை, பொறாமை, வெட்கம், ஏமாற்றம், நிம்மதி என்று பிள்ளைகளின் சொல்வளம் விரியும். உணர்ச்சிக்குப் பெயரிடத் தெரிந்த பிள்ளை அதனைக் கையாலும் காலாலும் காட்டவேண்டிய தேவை குறைகின்றது. தமிழ்ப் பாடத்தின் சொல்வளமும் அதனோடு வளர்கின்றது. கதையொன்றைப் பாதியில் நிறுத்தி, "இப்பொழுது அந்தச் சிறுமியின் மனத்தில் என்ன ஓடும்?" என்று கேட்பதும் அத்தகையதே.

சுற்றாடல் பாடத்திற்கு வாவியே பெருநூல். கல்லடிப் பாலத்தின் அருகே நிலாக் காலத்து இரவில் மீன்கள் பாடும் என்பது இந்நாட்டார் நெடுங்காலமாகக் கூறிவரும் செய்தி. தோணியிலிருந்து துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுமுனையிற் காதை வைத்துக் கேட்பர். அது மீனா, சிப்பியா, நீரோட்டமா என்ற வினாவைப் பிள்ளைகளிடமே விட்டு, வீட்டிலுள்ள மூத்தோரை வினவி வரச் செய்யலாம். ஒரு பிள்ளையின் மூத்தப்பா ஒன்று சொல்வார்; இன்னொரு பிள்ளையின் மாமா வேறொன்று சொல்வார். வேறுபட்ட விடைகளைச் சினமின்றிக் கேட்டு, அவற்றுள் எதனை எவ்வாறு சோதிக்கலாம் என்று ஆராயும் பழக்கம் விஞ்ஞானத்திற்கும் தொடக்கம், நாகரிகத்திற்கும் தொடக்கம்.

பிரிந்து கிடக்கும் சமூகங்களை வகுப்பறைச் செயலால் இணைத்ததற்கு அமெரிக்காவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரிலே நிறப்பிரிவினை நீக்கப்பட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பிற் சேர்க்கப்பட்டபோது, வெள்ளையர், கறுப்பர், மெக்சிக்க வமிசத்தார் ஆகியோரிடையே பூசல் மூண்டது. உளவியலாளர் எலியட் அரன்சன் 1971ஆம் ஆண்டிலே அதற்கொரு வழி கண்டார். வகுப்பை ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரித்து, பாடத்தையும் அத்தனை கூறாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கூற்றை மாத்திரம் கொடுத்தார். தன் கூற்றைக் கற்று மற்றவர்க்குக் கற்பித்தாலன்றிக் குழு முழுப் பாடத்தையும் பெறாது. நேற்று ஏளனம் செய்யப்பட்ட பிள்ளையின் வாயிலிருந்து வருவதை இன்று எல்லாரும் காது கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று. வெறுப்புக் குறைந்தது, பின்தங்கியோரின் தேர்ச்சியும் உயர்ந்தது. ஒன்றாக இருத்தி வைத்தல் மாத்திரம் போதாது, ஒருவரையொருவர் வேண்டி நிற்கும் வேலையும் கொடுக்கவேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

ஐந்தாம் தரத்திலே மட்டக்களப்பு வாவி என்ற பாடத்தை மீன்வகை, கண்டல் மரங்கள், வாவியால் வாழ்வோர் தொழில், பாலங்களும் தோணிகளும், கழிவினால் நேரும் கேடு என ஐந்து கூறாக்கி இம்முறையைக் கையாளலாம். ஒரே சமூகத்துப் பிள்ளைகளே பயிலும் வகுப்பிலும் இதற்கு வேலையுண்டு. வாசிக்கத் திணறும் பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, வறிய வீட்டுப் பிள்ளை என ஒதுக்கப்படுவோர் எவ்வகுப்பிலும் உளர். பின்னர், காத்தான்குடிப் பாடசாலையொன்றும் ஆரையம்பதிப் பாடசாலையொன்றும் தவணைக்கு ஒரு நாள் கூடுமாயின், இரண்டு கூறுகள் ஒருவரிடமும் மூன்று கூறுகள் மற்றவரிடமும் இருக்கலாம். வாவியைப் பற்றிய பாடம் இரு பாலாரும் சேர்ந்தாலன்றி நிறைவேறாது. அதனிலும் மேலான உவமை வேண்டுவதில்லை.

ஒரு முறையைப் பெருமளவிற் பரப்பும்போது எச்சரிக்கையும் வேண்டும். தமிழ்நாட்டிலே 2003ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளிற் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007ஆம் ஆண்டில் மாநிலத்தின் அரசு தொடக்கப்பள்ளிகள் எங்கும் விரிந்தது. கற்றல் ஏணியும் அட்டைகளும் வந்தன. பிள்ளைகள் எழுதுவதற்குச் சுவரின் தாழ்ந்த பகுதியிற் கரும்பலகைகள் வந்தன. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையிற் பிள்ளைகளோடு அமர்ந்தார். ஆசிரியர் அமர்ந்த இடம் மாறியதே அங்கு நிகழ்ந்த பெரிய மாற்றமெனலாம். ஆனால் அட்டையை எடுத்து, முடித்து, அடுக்கி வைப்பதோடு வேலை நின்றுவிட்டால், பழைய மனனத்திற்குப் பதிலாகப் புதிய மனனம் வந்ததேயன்றி வேறில்லை. கருவி எதுவாயினும், அதன் நடுவே ஒரு மனிதர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தல் வேண்டும்.

இந்நன்முறைகளுக்கு இலங்கையில் நேரும் பெருந்தடை ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையாகும். 1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தபோது, வறிய வீட்டுத் திறமையான பிள்ளைகள் நல்ல பாடசாலைகளிற் பயில வழி திறக்க எழுந்தது புலமைப்பரிசில். நோக்கம் உயர்ந்தது. ஆயினும் இன்று மூன்றாம் தரத்திலேயே மாதிரி வினாத்தாள்கள் பிள்ளையின் மேசையில் ஏறிவிடுகின்றன. பாடசாலையும், மாலையில் தனியார் வகுப்பும், குர்ஆன் மத்ரசாவும் முடித்து வரும் பிள்ளைக்குக் கடற்கரை மணலில் ஓடுவதற்கு ஒரு நாழிகையும் எஞ்சுவதில்லை. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளை தன்னை மூடனென்று எண்ணிக்கொள்கின்றது. போர் விட்டுச்சென்ற அச்சம் ஒருபுறமிருக்க, பெரியோர் அன்பின் பெயரால் உண்டாக்கும் இவ்வச்சமும் சிறிதன்று.

பரீட்சையை ஓர் ஆசிரியர் தனித்து மாற்றிவிட இயலாது. ஆனால் அதன் நிழல் முதலாம் தரம் வரை நீளாமற் காத்தல் அவர் கையிலும் பெற்றோர் கையிலும் உள்ளது. "விளையாடவா பாடசாலைக்கு அனுப்பினோம்?" என்று கேட்கும் பெற்றோரை வகுப்பிற்கே அழைத்து, தாள் நெசவில் அவர்களையும் இருத்திவிடலாம். தறியை அறிந்த வாப்பா ஒருவர் பாவும் ஊடையும் விளக்க முன்வருவார். தம் பிள்ளை கோலத்தை எண்ணிச் சொல்வதைக் காண்பார். நூறு சொற்பொழிவு தராத தெளிவை அந்த அரைமணி நேரம் தரும்.

முடிவாகக் கருதவேண்டியவர் ஆசிரியர். தம் சினத்தை ஆளாத ஆசிரியர் பிள்ளைக்குச் சினத்தை ஆளப் பயிற்றல் இயலாது. 35 பிள்ளைகளோடு நாள் முழுதும் நிற்பவருக்குச் சோர்வு வருவது இயல்பே. அச்சோர்வைச் சொல்லி ஆறுவதற்குப் பாடசாலையிலே தோழமை இருத்தல் வேண்டும். அதிபர் ஆசிரியரை எங்ஙனம் நடத்துகின்றாரோ, அங்ஙனமே ஆசிரியர் மாணாக்கரை நடத்துவர். மாணாக்கர் தம்முள் ஒருவரையொருவர் அங்ஙனமே நடத்துவர். வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டுவதில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு நீர் பல வழிகளிலே வருகின்றது. கடல் நீரும் உட்புகுகின்றது. இரண்டும் கலக்கும் இடத்திலேதான் இறாலும் நண்டும் செழிக்கின்றன. ஆரம்ப வகுப்பறையும் அத்தகைய இடமாதல் வேண்டும். கையின் வேலையும் உள்ளத்தின் உணர்வும், தன் வீட்டுச் சொல்லும் அயல்வீட்டுச் சொல்லும் அங்கே கலக்கட்டும். காத்தான்குடியின் பிள்ளையும் ஆரையம்பதியின் பிள்ளையும் நாளை இம்மண்ணிலே சேர்ந்து வாழவேண்டியவர்கள். சேர்ந்து வாழ்வதைப் பதினெட்டு வயதிலே சட்டத்தால் கற்பிக்க முயல்வதிலும், எட்டு வயதிலே களிமண்ணாலும் தாட்கீற்றாலும் கற்பித்துவிடுதல் எளிது, செலவும் குறைவு, நிலைத்தும் நிற்கும்.